கரட்டுல என்ன இருக்குன்னு யாரு எழுதறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அரிட்டாபட்டி பத்தி ரெண்டு பக்கம் எழுதினேன். அதுக்கு வந்த கடிதம், வாட்ஸப் மெசேஜ் எல்லாம் பிரிச்சு பாத்தா பாதிக்கு மேல ஒரே கேள்வி தான், "எங்க ஊர்லயும் குவாரிய பெருசாக்கப் போறாங்க, எங்க கரட்டுல என்னென்ன உயிர் இருக்குன்னு நாங்களே கணக்கெடுக்க முடியுமா?" அதனால இந்த தடவை பக்கம் முழுக்க இது தான். மொட்டை மாடியில புறா முட்டை வெச்சிருக்கு, குருவிக்கு என்ன தீனி வெக்கலாம்னு கேட்டவங்களுக்கெல்லாம் அடுத்த இதழ்ல பதில் சொல்றேன், கோச்சுக்காதீங்க.

போன இதழ் பாக்காதவங்களுக்கு சுருக்கமா: மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ரெண்டு ஊர்லயும் சேத்து 193.215 ஹெக்டேரை 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. ஏழு குன்று, 72 ஏரி, 200 சுனை, சுமார் 250 வகை பறவை. ரெண்டே வருஷத்துல, 2024 நவம்பர் 7ஆம் தேதி, அந்த இடத்தையும் உள்ள சேத்து 2,015.51 ஹெக்டேர்ல டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிஞ்சதுன்னு ஒன்றிய அரசு அறிவிச்சது. ஊரே தெருவுக்கு வந்துச்சு. 2025 ஜனவரி 23 அன்னிக்கு ஏலம் ரத்து.

அக்கா, எங்க ஊரை ஒட்டி 6 ஹெக்டேர்ல ஒரு கல்குவாரி ஓடுது. இப்ப பக்கத்துக் கரட்டையும் சேத்து 15 ஹெக்டேர் ஆக்கப் போறாங்களாம். கருத்துக் கேட்பு கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்துருச்சு. ரிப்போர்ட்ல "முக்கியமான வனவிலங்கு எதுவும் இல்லை"ன்னு போட்டிருக்காங்க. எங்க கைல இருக்கறது ஒரு மாசம். எங்க இருந்து ஆரம்பிக்கறது?
– பெயர் வேண்டாம், மேலூர் பக்கம்

கரட்டுல இருந்து இல்ல தம்பி, ரிப்போர்ட்ல இருந்து ஆரம்பிங்க. எல்லாரும் நோட்டீஸ பாத்த உடனே கேமராவ தூக்கிட்டு மேல ஏறிடறாங்க, எதுக்கு பதில் சொல்லப் போறோம்னே தெரியாம. 2006 இஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிவிக்கைப்படி கூட்டத்துக்கு குறைஞ்சது 30 நாள் முன்னாடி பேப்பர்ல விளம்பரம் வரணும், வரைவு அறிக்கை கலெக்டர் ஆபீஸ், மாவட்ட தொழில் மையம், உள்ளாட்சி ஆபீஸ் மாதிரி இடங்கள்ல பொதுமக்கள் பாக்கற மாதிரி இருக்கணும், சுருக்கம் தமிழ்லயும் இருக்கணும். ரெண்டு பேரா போயி உக்காந்து படிங்க. ஒருத்தர் போனா "சார் லீவு, நாளைக்கு வாங்க"ன்னுருவாங்க.

படிக்கும்போது தாவரம் விலங்குன்னு வர்ற பக்கத்துக்கு நேரா போங்க. அங்க நீளமா ஒரு டேபிள் இருக்கும், ஒரு வரிசைல லத்தீன் பேரு, ஒரு வரிசைல இங்கிலீஷ் பேரு, பாக்க பயமா இருக்கும். பயப்படாதீங்க. நீங்க தேடவேண்டியது அந்த டேபிள்ல இல்லாதத தான். எந்த தேதி பாத்தாங்க? காலைலயா, மத்தியானமா, ராத்திரியா? எந்த இடத்துல நின்னாங்க? எத்தனை நாள்? யாரு பாத்து பேரு சொன்னது? சுரங்கம் வர்ற இடத்துக்கும் அதை சுத்தி 10 கிலோமீட்டருக்கும் தனித்தனியா பட்டியல் கேக்கறது வழக்கம், அப்பிடி பிரிச்சிருக்காங்களா இல்ல ரெண்டையும் ஒண்ணா குழப்பி வெச்சிருக்காங்களா? நான் பாத்த பல ரிப்போர்ட்ல இதுல பாதிக்கு பதிலே இருக்காது. கூட்டத்துல எந்திரிச்சு "எங்க கரட்டுல மான் இருக்கு மயில் இருக்கு"ன்னு கத்தறதை விட "நீங்க எந்த தேதி, எத்தனை மணிக்கு, எந்த சர்வே நம்பர்ல நடந்தீங்க"ன்னு அமைதியா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. கூட்டம் முடியும்போது பேசினத எல்லாம் தமிழ்ல படிச்சுக் காட்டணும்னு விதி இருக்கு, வீடியோவும் எடுக்கணும். உங்க கேள்வி அதுல ஏறிச்சான்னு காது குடுத்து கேட்டுட்டு அப்புறம் கலைங்க.

இப்ப உங்க கணக்கு. ஒரு மாசத்துல நாலஞ்சு காலை, ரெண்டு சாயங்காலம், ரெண்டு ராத்திரி போதும், தினமும் போகணும்னு இல்ல. கரட்டு உச்சி, அடிவாரம், சுனை, கண்மாய்க்கரை, பனங்காடுன்னு அஞ்சாறு இடத்த முடிவு பண்ணிக்குங்க, ஒவ்வொரு தடவையும் அதே இடம். ஒவ்வொரு இடத்துலயும் 10 நிமிஷம் அசையாம நின்னு பாத்தது, கேட்டது ரெண்டையும் எழுதுங்க. ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம், யார் யார் வந்தாங்க, மேகமா வெயிலா, குவாரில வெடி போட்டாங்களா, எல்லாம். ஒண்ணுமே தெரியலன்னா "ஒண்ணும் தெரியல"ன்னு எழுதுங்க, அந்த வரிய விட்டுடாதீங்க. ஏன்னா நீங்க 10 தடவை நின்னு 3 தடவை வல்லூறு பாத்தேன்னு சொன்னா அது கணக்கு. வெறுமனே "வல்லூறு இருக்கு"ன்னா அது பேச்சு.

நோட்டு தைச்ச நோட்டா இருக்கட்டும், பக்கத்துக்கு நம்பர் போடுங்க. தப்பா எழுதினா கோடு போட்டு அடிங்க, கிழிக்காதீங்க. அன்னன்னிக்கு ராத்திரி அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பிடுங்க, தேதி அதுலயே பதிஞ்சிரும்.

சர்வே எந்த மாசத்துல எடுத்தா சரி? ஒரே ஒரு சீசன் பாத்தா போதும்னு எங்க புரொபசர் சொல்றாரு.
– விலங்கியல் மாணவி, சிவகங்கை

உங்க புரொபசர் விதில இருக்கறத தான் சொல்றாரு, தப்பில்ல. சுரங்கத் திட்டங்களுக்கு வழக்கமா குடுக்கற ஆய்வு வரம்புல மழைக்காலம் தவிர ஒரு சீசன் தகவல் கேப்பாங்க, காத்து, தண்ணி, சத்தம், மண்ணோட சேத்து செடி, விலங்குக்கும் அதே ஒரு சீசன் தான். மார்ச்-மே கோடை, அக்டோபர்-டிசம்பர் மழைக்குப் பின்னாடி, டிசம்பர்-பிப்ரவரி குளிர்காலம்னு மூணுல ஒண்ணு. இதுல ஒரு கூத்த கவனிச்சீங்களா? அக்டோபர்-டிசம்பர்ல மழை முடிஞ்சுருமாம்! டெல்லில முடிஞ்சுரும், சரி. நமக்கு அப்பத்தான ஐப்பசி அடைமழையே. ஜூன்ல ஆரம்பிச்சு செப்டம்பர்ல முடியற ஊரை மனசுல வெச்சு எழுதின கட்டம் அது, அதுக்குள்ள நம்ம ஊர் உயிர்கள அடைக்கப் பாத்தா கை கால் வெளிய தான் நீட்டிக்கிட்டு இருக்கும்.

தூசி அளக்கறதுக்கு ஒரு சீசன் சரியா இருக்கலாம். தவளைக்கு? மேல கெடக்கற பாறைக்குழி, சுனை, பழைய குவாரிப் பள்ளம் இங்கெல்லாம் ஐப்பசி மொத மழை பேஞ்ச ராத்திரி போயி நில்லுங்க, காது அடைச்சுரும். அதே இடத்துக்கு ஏப்ரல்ல போனா ஒரு தவளை கண்ணுல படாது, எல்லாம் மண்ணுக்குள்ள. அப்ப ஏப்ரல்ல சர்வே பண்ணினவங்க "தவளை இல்ல"ன்னு எழுதினா பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல.

பறவைல வலசை வர்றதெல்லாம் அக்டோபருக்கு மேல வந்து மார்ச், ஏப்ரல்ல கிளம்பிரும். ஆறுமணிக்குருவிய எடுத்துக்குங்க, விடியறப்பவும் பொழுது சாயறப்பவும் கத்தும், மத்த நேரம் புதருக்கு அடியில சருகை கிளறிக்கிட்டு சத்தமே இல்லாம இருக்கும். மே மாசம் போயி பத்து மணி வெயில்ல தேடினா எங்க கிடைக்கும்?

பாறைல கூடு வெக்கற வல்லூறு, கழுகு, கொம்பன் ஆந்தைக்கு மட்டும் நான் டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் சொல்வேன். அப்பத்தான் பெரும்பாலும் கூட்டுல இருக்கும். அரிட்டாபட்டி பேர் வாங்கினதே லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகுன்னு மூணு வேட்டைப் பறவையால தான், அந்த ஏழு குன்றுல ஒண்ணுக்கு பேரே கழுகுமலை. பேரு வெச்ச ஆளு எந்த டேபிளும் போடல, அண்ணாந்து பாத்தாரு, வெச்சாரு. மலை முகத்துல சுண்ணாம்பு ஊத்தின மாதிரி வெள்ளையா எச்சம் வழிஞ்சிருக்கற இடத்த தூரத்துல இருந்து பாத்து குறிச்சுக்கணும், அப்புறம் 300, 400 மீட்டர் தள்ளி மரத்தடில உக்காந்து ரெண்டு மணி நேரம் பொறுமையா பாக்கணும். கிட்ட போகவே கூடாது.

கோடைலயும் ஒரு வசதி இருக்கு. தண்ணி எல்லாம் வத்தி ஒண்ணு ரெண்டு சுனை தான் மிச்சம் இருக்கும், அதனால சுத்துவட்டாரத்துல இருக்கற எல்லா உயிரும் அந்த ஈர மண்ணுல கால்தடம் வெச்சுட்டு தான் போகணும். காலைல ஆடு இறங்கறதுக்கு முன்னாடி போயிருங்க, ஆடு இறங்கிருச்சுன்னா அம்புட்டு தான், ஸ்லேட்ட அழிச்ச மாதிரி ஆயிரும்.

ஆக, முடிஞ்சா மூணு தடவை. முடியலன்னா ஒரு தடவை எடுத்துட்டு "இது மார்ச்ல எடுத்தது, தவளையும் வலசைப் பறவையும் இதுல வராது"ன்னு நீங்களே எழுதிருங்க. எதிராளி சொல்றதுக்கு முன்னாடி நாமளே சொல்லிட்டா மரியாதை.

எங்க கரட்டுல எறும்புத்தின்னி இருக்குன்னு தாத்தா காலத்துல இருந்து சொல்றாங்க. தேவாங்கும் இருக்காம். அதை நிரூபிச்சா குவாரி வராதுல்ல? வளை போட்டோ அனுப்பிருக்கேன், பாத்து சொல்லுங்க.
– வாசகர், நத்தம்

போட்டோ பாத்தேன். பெரிய வளை தான். ஆனா எறும்புத்தின்னி வளைன்னு என்னால கையெழுத்து போட முடியாது, காரணம் ஒரு பழைய கதை.

பல வருஷம் முன்னாடி மேலூர் பக்கம் ஒரு கரட்டுல நடந்துக்கிட்டு இருந்தோம். அகலமா ஒரு வளை, வாசல்ல புது மண்ணு, பக்கத்துலயே ஒடைஞ்ச கரையான் புத்து. எனக்கு தலைகால் புரியல, உடனே நோட்டுல "எறும்புத்தின்னி வளை, உறுதி"ன்னு எழுதி அடிக்கோடு போட்டுட்டேன். உறுதின்னு வேற. கொஞ்ச தூரத்துல ஆடு மேச்சுக்கிட்டு இருந்த பெரியவர் வந்து எட்டிப் பாத்தாரு. "ஏத்தா, இது முள்ளம்பன்றி குழியில்ல? வாசல்ல என்ன கெடக்கு பாரு"ன்னாரு. குனிஞ்சு பாத்தா கருப்பு வெள்ளையா ரெண்டு முள்ளு. என் கண்ணு முன்னாடி தான் கெடந்துச்சு, எறும்புத்தின்னி ஆசையில தெரியல. அந்தப் பக்கத்த இன்னும் வெச்சிருக்கேன், அடிச்சு, பக்கத்துல "முள்ளம்பன்றி, ஆடு மேய்க்கிற ஐயா சொன்னது, முள் பாத்தேன்"ன்னு திருத்தி.

அது அப்பிடியே ரிப்போர்ட்ல போயிருந்தா என்ன ஆயிருக்கும்? எதிர்த்தரப்பு ஆளு ஒருத்தர் போயி அந்த முள்ள எடுத்து போட்டோ போட்டிருப்பாரு, நாங்க உண்மையா பாத்த மத்த எல்லா பறவையும் அந்த ஒரு வளைக்குள்ள போயிருக்கும். நம்மகிட்ட பணம் இல்ல, வக்கீல் இல்ல, இருக்கறது சொன்ன சொல்லு சரியா இருக்கும்ங்கற பேரு மட்டும் தான். ஒரு பொய் எறும்புத்தின்னி போதும் அதைக் கெடுக்க.

சரி, எப்பிடி பாக்கறது. எறும்புத்தின்னி, சில ஊர்ல அழுங்குன்னு சொல்வாங்க, ராத்திரி மட்டும் வெளிய வரும், ஒண்டியா திரியும். எறும்பு, கரையான் தான் சாப்பாடு, அதனால புத்துல நகத்தால கீறின அடையாளம், தரையில சின்னச் சின்னதா தோண்டின குழி இதெல்லாம் கிடைக்கும். இது எல்லாமே "இருக்கலாம்" வகை தான். கேமரால விழுந்தா தான் "இருக்கு". செதில் கிடைச்சா எடுத்து பையில போட்டுக்காதீங்க, வெச்சிருக்கறதே குத்தம், இருந்த இடத்துலயே போட்டோ எடுத்து வனத்துறைக்கு சொல்லிருங்க.

தேவாங்குக்கு கேமராவ விட காலும் கண்ணும் தான் வேணும். டார்ச்ல செவப்பு கண்ணாடித்தாள் ஒட்டிக்குங்க, வெள்ளை வெளிச்சம் அதோட கண்ணுக்கு ஆகாது. உடைமரம், முள்வேலி, புளியமரம், தோப்போரம் இங்கெல்லாம் மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல போகாம நடங்க. ரெண்டு கண்ணும் முன்னாடி பாத்த மாதிரி செக்கச்செவேல்னு பக்கத்துல பக்கத்துல மின்னும், மெதுவா கிளையோட கிளையா நகரும். மரநாய் கண்ணும் மின்னும், ஆனா அது விசுக்குன்னு ஓடிரும். உங்க மாவட்டத்துக்கு இது புதுசு இல்ல, திண்டுக்கல், கரூர் எல்லைல கடவூர் பக்கம் 11,806 ஹெக்டேர தேவாங்குக்குன்னே 2022ல சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. புடிக்க மட்டும் கூடாது. "ஒரு போட்டோக்கு தான் அக்கா"ன்னு கூட கூடாது.

அப்புறம் "நிரூபிச்சா குவாரி வராதுல்ல"ன்னு கேட்டீங்க. அப்பிடி நேரா ஒரு கணக்கு இல்ல. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட அட்டவணை ஒண்ணுல இருக்கற விலங்கு அந்தப் பகுதில இருந்தா அதை காப்பாத்த தனித் திட்டம், பணம் ஒதுக்கீடு எல்லாம் வனத்துறையோட பேசி குடுக்கணும்னு கேப்பாங்க. அது ஒரு கதவு. தானா மூடற கதவு இல்ல.

கேமரா ட்ராப் (விலங்கு குறுக்க வந்தா தானா படம் எடுக்கற கேமரா) வாங்கலாம்னு இளைஞர் மன்றத்துல காசு சேக்கறோம். எத்தனை வாங்கணும், எங்க கட்டணும்?
– வாசகர், கொட்டாம்பட்டி

வாங்கறதுக்கு முன்னாடி இடம் யாரோடதுன்னு பாருங்க. காப்புக்காடுன்னா வனத்துறை அனுமதி இல்லாம ஒண்ணும் கட்ட முடியாது, பட்டா நிலம்னா சொந்தக்காரர்கிட்ட ஒரு வார்த்தை. ரெண்டு மூணு இருந்தாலே போதும், இடம் மாத்தி மாத்தி வெக்கலாம். முழங்கால் உயரத்துல கட்டுங்க, வடக்கயோ தெக்கயோ பாத்த மாதிரி. கிழக்க பாத்து வெச்சா சூரியன் ஏற ஏற வெறும் வெளிச்சத்த தான் எடுத்துக்கிட்டு இருக்கும். முன்னாடி இருக்கற புல்ல சரிச்சு விடுங்க, இல்லன்னா காத்துக்கு புல்லு ஆடினதுக்கு ஆயிரம் போட்டோ, ஆட்டுக்கு ஆயிரம் போட்டோ. மூணு கேமரா பத்து ராத்திரி இருந்தா 30 கேமரா-ராத்திரின்னு எழுதணும், அந்த எண்ணிக்கை இல்லாத போட்டோவ வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. கரட்டடிக்கு ஒதுங்கப் போற பொம்பளைங்க இருப்பாங்க. எங்க கேமரா இருக்கு, எப்ப எடுப்போம்னு மொதல்ல அவங்களுக்கு சொல்லிட்டு, அந்தப் பக்கம் தவிர்த்துட்டு வைங்க. மனுஷங்க விழுந்த போட்டோவ அன்னிக்கே அழிச்சிருங்க. சொல்லாம வெச்சு ஒரு ஊர்ல கேமராவ கல்லால அடிச்சு நொறுக்கினாங்க, நான் அந்த ஊர்க்காரங்க பக்கம் தான்.

கண்டுபிடிச்சதெல்லாம் பேஸ்புக்ல போட்டா ஆதரவு சேரும்ல? ஏன் மறைக்கச் சொல்றீங்க?
– வாசகர், மதுரை

போடுங்க, இடத்த மட்டும் போடாதீங்க. எறும்புத்தின்னிய செதிலுக்காக வேட்டையாடற கூட்டம் நிஜமாவே இருக்கு. பன்னாட்டு வணிகத்த 2017ல இருந்து மொத்தமா தடை பண்ணியும் கள்ளக்கடத்தல் நிக்கல. வல்லூறு கூட்டுக்கு வேட்டைக்காரன் கூட வேணாம், நம்ம போட்டோகிராபர் தம்பிங்களே போதும். ஒரு ரீல்ஸ் போட்டாங்க, பேரு வேணாம், பின்னாடி கரடு தெளிவா தெரியுது. அடுத்த ஞாயித்துக்கிழமை பதினஞ்சு பைக்கு, ட்ரோன் வேற. ரெண்டு வாரம் கழிச்சு போறேன், கூட்டுல ஒண்ணும் இல்ல. குவாரி செய்யறத நாம முந்திக்கிட்டு செஞ்ச மாதிரி ஆயிருச்சு.

ஐநேச்சுரலிஸ்ட்னு உயிரினங்கள பதிவு பண்ற தளத்துல போட்டா இடத்த மங்கலாக்கற வசதி இருக்கு, அதை அழுத்துங்க. பறவைப் பட்டியல இபேர்ட்ங்கற பறவைப் பதிவுத் தளத்துல நேரம், தூரத்தோட ஏத்துங்க, வெளியாள் யாரு வேணா சரி பாக்கலாம், நமக்கும் அது தான் பலம். துல்லியமான இடம் தனிக் காகிதத்துல, வன அலுவலருக்கு மட்டும். ஊர்ல பல்லுயிர் மேலாண்மைக் குழு இருந்தா மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுலயும் ஏத்தச் சொல்லுங்க. 2002 சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிலயும் அந்தக் குழு இருந்தாகணும், பல ஊர்ல போர்டு மட்டும் தான் இருக்கு.

கம்பெனி காசு குடுத்து எடுக்கற ஆய்வுல உண்மை இருக்குமா? பக்கத்து மாவட்ட ரிப்போர்ட்டயே பேர மாத்தி போட்டிருக்காங்கன்னு சந்தேகமா இருக்கு.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருமயம்

ஐயா, பக்கத்து மாவட்டமாவது பரவால்ல. மகாராஷ்டிரா ரத்னகிரி மாவட்டத்துல ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு குடுத்த ஆய்வறிக்கைல ரஷ்யாவுல இருக்கற ஒரு பாக்சைட் சுரங்கத்தோட ரிப்போர்ட்ல இருந்து பத்தி பத்தியா எடுத்து ஒட்டியிருந்தது 2007 வாக்குல வெளிய வந்துச்சு. மாம்பழத்துக்கு பேர் போன ரத்னகிரில பனி தேசத்து ஸ்ப்ரூஸ் காடு, பிர்ச் காடு! எழுதினவங்க ஊர் பேரக் கூட சரியா மாத்தல போல.

எல்லாரையும் ஒரே தராசுல வெக்க மாட்டேன். நல்லா வேலை செய்யற கள ஆய்வாளர்கள் எனக்குத் தெரியும், அவங்களுக்கு குடுக்கற நாலு நாள்ல என்ன முடியுமோ அதை தான் செய்யறாங்க. ஆனா காசு குடுக்கறவரு திட்டத்துக்காரரு, நேரம் தர்றவரும் அவரு தான், அதுல தான் சிக்கல். நீங்க வாத்தியாரா இருந்தவரு, காப்பி அடிச்ச பேப்பர உங்களுக்கா கண்டுபுடிக்கத் தெரியாது? நம்ம ஊர்ல இருக்கவே முடியாத மரம், விலங்கு பேரு இருக்கான்னு பாருங்க, எழுத்துப் பிழை ரெண்டு ரிப்போர்ட்லயும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. தெரிஞ்சே தப்பான தகவல் குடுத்தா விண்ணப்பத்த நிராகரிக்கலாம், குடுத்த அனுமதியக் கூட ரத்து பண்ணலாம்னு 2006 அறிவிக்கைல 8ஆவது பிரிவுலயே இருக்கு. பக்க எண்ணோட, ரெண்டு நகலயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதிக் குடுங்க. திட்டி எழுதாதீங்க, மார்க் போடற மாதிரி எழுதுங்க.

உண்மையைச் சொல்லுங்க. இந்த சர்வே எல்லாம் எடுத்து எந்த சுரங்கமாவது நின்னுருக்கா?
– வாசகர், அழகர்கோவில்

நேரா கேட்டீங்க, நேராவே சொல்றேன். சர்வே மட்டும் வெச்சு நின்னதா எனக்கு சொல்ல வரல.

சத்தீஸ்கர்ல ஹஸ்தேவ் அரண்டு காடு. அங்க பர்சா ஈஸ்ட்-கேதே பாசன்னு ஒரு நிலக்கரிச் சுரங்கம் ஏற்கனவே ஓடுது, அதை விரிவாக்கறது, பக்கத்துல புதுசு தோண்டறதுன்னு வரிசையா திட்டம். காட்டுக்கு என்ன ஆகும்னு படிச்சு சொல்லச் சொல்லி பசுமைத் தீர்ப்பாயம் 2014ல பேசினதுல இருந்து வந்த ஆய்வு, செஞ்சது நாட்டுலயே பெரிய நிறுவனமான இந்திய வனவிலங்கு நிறுவனம், அறிக்கை 2021ல. சத்தீஸ்கர்ல இருக்கற யானை இந்தியாவோட மொத்தத்துல 3 சதவீதம் கூட இல்ல, ஆனா யானையால சாகற மனுஷங்கள்ல 15 சதவீதத்துக்கு மேல அந்த ஒரு மாநிலத்துல தான்னு எடுத்துக்காட்டி, ஓடிக்கிட்டு இருக்கற சுரங்கம் தவிர மத்த இடத்துல தோண்டவே விடாதீங்கன்னு எழுதினாங்க. இதுக்கு மேல என்ன வேணும்? ஆனா 2022ல அந்த ஓடற சுரங்கத்தோட ரெண்டாம் கட்டத்துக்கு 1,136 ஹெக்டேர் காட்டுக்கு அனுமதி குடுத்தாங்க. அதே வருஷம் ஜூலைல மாநில சட்டமன்றம் ஒருமனதா தீர்மானம் போட்டும் மரம் வெட்டறது நிக்கல.

அரிட்டாபட்டில நின்னுச்சே, ஏன்? சனங்க விடல, அதான். கிராமசபைத் தீர்மானம், 2024 டிசம்பர் 9ல சட்டமன்றத் தீர்மானம், ஜனவரில மேலூர் பக்கம் இருந்து மதுரை வரைக்கும் போன ஊர்வலம். ஆனா அதுக்குள்ள ஒரு இடம் இருக்கு, அங்க தான் எனக்கு சர்வேயோட வேலை தெரியுது. டிசம்பர் 24ஆம் தேதி ஒன்றிய அரசு சொன்னது என்ன? பாரம்பரியத் தலம் இருக்கற பகுதிய மட்டும் ஒதுக்கிட்டு எல்லைய மாத்தி வரைய முடியுமான்னு புவியியல் ஆய்வுத் துறைய கேட்டிருக்கோம்னு சொன்னது. அதாவது 20 சதுர கிலோமீட்டர்ல 2 சதுர கிலோமீட்டர விட்டுட்டு மிச்சத்த தோண்டலாமான்னு. அந்த 2 சதுர கிலோமீட்டரயாவது யாரும் தொட யோசிச்சாங்கன்னா, பல வருஷமா அங்க நடந்து பறவைய எழுதி வெச்சவங்களால தான். அதே நேரம் மிச்ச 18க்கு யாரும் அந்த மாதிரி எழுதி வெக்கல, அதனால அது வெறும் நிலமா தெரிஞ்சுது. கழுகு கூடு வெக்கறது மலைல, இரை தேடறது வயக்காட்டுல, பொட்டல்ல. கூட்டுக்கு மட்டும் கோடு போட்டா கழுகு எங்க போயி சாப்பிடும்? இதை அறிவிக்கை வர்றதுக்கு முன்னாடியே கணக்கா எழுதி வெச்சிருந்தா பேச்சு இன்னும் சுலபமா இருந்திருக்கும். அதனால தான் மலையோட நிக்காதீங்க, கண்மாய், வரப்பு, கடலைக்காடு எல்லாத்தயும் எழுதுங்கன்னு தொண்டை வறள கத்தறேன், பாரம்பரியத் தலம்னு போர்டு இல்லாத ஊர்ல முக்கியமா.

மேடம், எல்லாம் சரி, மயிலயும் அந்த லிஸ்ட்ல எழுதணுமா? அது எங்க கடலைக்காட்டை நாசம் பண்ணுது. அதை காப்பாத்தச் சொல்லி நாங்களே எழுதிக் குடுக்கணுமா?
– விவசாயி, நரசிங்கம்பட்டி

அண்ணே, சிரிச்சுட்டேன், ஆனா உங்க கடலை போனது சிரிக்கற விஷயம் இல்ல, தெரியும். நீங்க மயிலுக்கு சிபாரிசு பண்ண வேணாம். இருந்தா இருக்குன்னு எழுதுங்க, எத்தனை, எத்தனை மணிக்கு, எந்தக் காட்டுலன்னு. கடலை எவ்வளவு போச்சுன்னும் சேத்தே எழுதுங்க, அதுவும் உண்மை தான.

ஏன் எழுதணும்னா, மயிலு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல அட்டவணை ஒண்ணுல இருக்கு. அரிட்டாபட்டில சொல்ற மலைப்பாம்பு, தேவாங்கு, எறும்புத்தின்னி எல்லாம் இருக்கற அதே அட்டவணை. வயக்காட்டுல தினம் ஓடற உடும்பும் அதுல தான். இப்ப யோசிச்சு பாருங்க, மதுரை மாவட்டத்துல ஒரு ஆளு 10 கிலோமீட்டர் சுத்தி வந்துட்டு "அட்டவணை ஒண்ணு விலங்கு எதுவும் இல்லை"ன்னு எழுதறாருன்னா அவரு என்ன எழுதறாருன்னு புரியுதா? மேலூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி டீ குடிச்சுட்டு நின்னாலே மயில் அகவறது கேக்கும். எனக்கு ஒரு ரிப்போர்ட் வந்தா நான் மொதல்ல தேடறது எறும்புத்தின்னி இல்லண்ணே, மயிலு தான்.